காவலன் ஆள் மாறித் தாக்கும்போது

(பூச்சிக்கடியும் இரத்தத் தட்டணுக் குறைவும்: ஒரு பாடம்)



வடகிழக்குப் பருவமழை தொடங்கி இரண்டு வாரம் கடந்துவிட்டால், எங்கள் மருத்துவமனை வராந்தாவில் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். இரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கையில் பிடித்தபடி ஒரு தகப்பனோ தாயோ நின்றுகொண்டிருப்பார். அதில் ஒரே ஒரு எண்ணைச் சுற்றி பேனாவால் வட்டம் போட்டிருக்கும். "ஐயா, பிளேட்லெட் இவ்வளவுதான் இருக்காம். பிள்ளை பிழைக்குமா?" என்று எங்களிடம் கேட்பார்கள்.

நாங்கள் மருத்துவர் அல்ல. வியாதியஸ்தரின் கட்டிலருகே உட்கார்ந்து ஆறுதல் சொல்வதே எங்கள் பணி. ஆனாலும் அறியாமையோடு சொல்லும் ஆறுதல் நெடுநேரம் நிற்பதில்லை என்று இத்தனை ஆண்டுகளில் கற்றிருக்கிறோம். ஆகவே மருத்துவர்களிடமும் செவிலியரிடமும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதை இம்மடலில் ஒரு பாடமாக எழுதுகிறோம்.

ஒரு சிறுமியின் நிலை

ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி. தகப்பன் செங்கல் சூளையில் வேலை செய்கிறவர். மழைக்காலத் தொடக்கத்தில் அவளுக்கு டெங்கு காய்ச்சல் வந்தது. வேறோர் ஊரில் வைத்தியம் பார்த்தார்கள். அங்கே தட்டணு குறைந்துவிட்டது என்று சொன்னதும், பிள்ளைக்கு எங்கும் இரத்தம் கசியாதபோதே, தாயின் கம்மலை அடகு வைத்துத் தட்டணுப் பைகள் வாங்கி ஏற்றினார்கள். காய்ச்சல் நீங்கியது. எண்ணிக்கையும் ஏறியது. பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கினாள்.

மூன்று வாரம் கழித்து ஒருநாள் காலை, கால்களில் சிவப்புச் சிவப்பாய்ப் புள்ளிகள். குண்டூசி முனையளவு இருந்தன; அழுத்தினாலும் மறையவில்லை. மாலையில் மூக்கிலிருந்து இரத்தம் வந்தது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. பிள்ளை விளையாடிக்கொண்டுதான் இருந்தாள். எங்கள் மருத்துவமனையில் பரிசோதித்தபோது தட்டணு 9,000.

டாக்டரம்மா அவர்களை உட்காரவைத்து விளக்கினார்: "டெங்கு போய்விட்டது. இது அதற்குப் பின் வந்தது. அவள் சரீரத்தின் எதிர்ப்புச் சக்தியே அவளுடைய தட்டணுக்களை அழிக்கிறது."

அன்றிரவு அந்தத் தாய் எங்களிடம் சொன்னது: "ஐயா, என் பிள்ளை உடம்பே அவளுக்கு விரோதியாயிட்டுதாம். பெத்தவ நான் என்ன பாவம் செஞ்சேன்?" வீட்டில் மிச்சமிருந்த ஒரே பசுவை விற்க ஆள் பார்த்துவரத் தகப்பன் புறப்பட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கேள்விக்கும் இந்தப் பசுவுக்கும் பதில் சொல்ல வேண்டுமானால், முதலில் தட்டணு என்பது என்னவென்று அறிய வேண்டும்.

1. தட்டணு என்பது என்ன?

இத்தாலி தேசத்து மருத்துவர் ஜூலியோ பிசோசெரோ 1882ஆம் ஆண்டு இவற்றை இரத்தத்தின் தனி உறுப்பென்று விளக்கி, இரத்தம் உறைவதில் இவற்றுக்குப் பங்குண்டு என்று காட்டினார். நம் எலும்பு மஜ்ஜையில் மிகப் பெரிய அணுக்கள் சில உண்டு. அவற்றிலிருந்து உதிரும் சிறு சிறு துண்டுகளே தட்டணுக்கள். நாளொன்றுக்குச் சுமார் 10,000 கோடி தட்டணுக்கள் இப்படி உண்டாகின்றன. ஒவ்வொன்றும் 7 முதல் 10 நாள் வரை வாழ்ந்து, பிறகு மண்ணீரலிலும் கல்லீரலிலும் அழிகிறது.

இரத்தக் குழாயில் எங்கேனும் கீறல் விழுந்தால், முதலில் ஓடிவந்து ஒட்டிக்கொண்டு அடைப்பவை இவையே. ஏரிக்கரையில் உடைப்பெடுத்தவுடன் ஊரார் மண்மூட்டையோடு ஓடுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கனமில்லிமீட்டர் இரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருப்பது இயல்பு. இந்த இருப்பு மிக அதிகம். ஆகவேதான் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தாலும் பெரும்பாலோருக்கு ஒரு தொல்லையும் தெரிவதில்லை.

2. காவலன் ஆள் மாறித் தாக்குவது எப்படி?

தோலில் புள்ளி விழுந்து இரத்தம் கசியும் இவ்வியாதியை ஜெர்மனியின் ஹனோவர் நகர மருத்துவர் வெர்ல்ஹாஃப் 1735ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தார். காரணம் அவருக்குத் தெரியாது. தட்டணு என்று ஒன்றிருப்பதே அக்காலத்தில் எவருக்கும் தெரியாது.

1916ஆம் ஆண்டு பிராக் நகரில் மருத்துவ மாணவராயிருந்த பால் காஸ்னெல்சன், தட்டணுக்கள் மண்ணீரலில்தான் அழிக்கப்படுகின்றன என்று எண்ணி, நோயுற்ற ஒரு பெண்ணுக்கு மண்ணீரலை அகற்றும்படி தம் பேராசிரியரிடம் சொன்னார். பேராசிரியரும் மாணவன்தானே என்று தள்ளிவிடவில்லை. மண்ணீரல் அகற்றப்பட்டது; தட்டணுக்கள் விரைவாகப் பெருகின.

ஆனால் மண்ணீரல் ஏன் அவற்றை அழிக்கிறது? இதை அறிய 1950ஆம் ஆண்டு அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரில் வில்லியம் ஹாரிங்டன் என்ற இளம் மருத்துவர் ஒரு காரியம் செய்தார். இந்நோயுள்ள ஒரு பெண்ணின் இரத்தத்தில் சுமார் அரை லிட்டரைத் தம் சரீரத்தில் ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்துக்குள் அவருடைய தட்டணுக்கள் ஏறக்குறைய இல்லாமற்போயின. தோலில் புள்ளிகள் தோன்றின, வலிப்பும் வந்தது. சில நாட்கள் கழித்து எண்ணிக்கை தானாகவே ஏறி, அவர் பிழைத்துக்கொண்டார். இன்று எந்த மருத்துவமனையும் இப்படியொரு சோதனைக்கு இடங்கொடாது. ஆயினும் அந்தப் பெண்ணின் இரத்தத்தில் தட்டணுக்களை அழிக்கும் ஏதோவொன்று கலந்திருக்கிறது என்பது அன்று நிரூபணமாயிற்று.

அந்த ஏதோவொன்றைப் பிற்காலத்தார் எதிர்ப்பொருள் என்று கண்டுபிடித்தார்கள். கிருமி உள்ளே வந்தால், அதைப் பிடித்து அடையாளம் போடுவதற்காக நம் சரீரம் செய்யும் புரதம்தான் எதிர்ப்பொருள். இது தவறுதலாகத் தட்டணுவின்மேல் ஒட்டிக்கொண்டால், மண்ணீரலிலுள்ள காவல் அணுக்கள் அதை அந்நியன் என்று எண்ணி விழுங்கிவிடுகின்றன. புதிதாய் உண்டாகும் தட்டணுக்களுக்கும் அதே கதி. இதையே மருத்துவர்கள் சுருக்கமாக ஐ.டி.பி. என்கிறார்கள். வேறு காரணம் எதுவும் இல்லாமல் எண்ணிக்கை ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்கியிருந்தால்தான் இந்தப் பெயரைச் சொல்வார்கள்.

3. பூச்சிக்கடி இதில் எங்கே வருகிறது?

பிள்ளைகளுக்கு வரும் ஐ.டி.பி. பெரும்பாலும் ஏதோவொரு தொற்றுநோய்க்குச் சில நாட்களுக்கோ வாரங்களுக்கோ பின்பு வருகிறது. நம் நாட்டில் அந்தத் தொற்றைக் கொண்டுவருவது சில வேளைகளில் ஒரு பூச்சிக்கடி. ஆனால் பூச்சிக்கடியால் தட்டணு குறைவதெல்லாம் ஐ.டி.பி. அல்ல. இங்கேதான் பலர் குழம்பிப்போகிறார்கள். ஆகவே மூன்றையும் பிரித்துப் பாருங்கள்.

முதலாவது, டெங்கு. பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசுவால் வருவது. இந்த வைரஸ் எலும்பு மஜ்ஜையின் வேலையைச் சில நாட்கள் மந்தமாக்குகிறது; இருக்கும் தட்டணுக்களும் விரைவாகச் செலவழிகின்றன. இதோடு, டெங்கு வைரஸின் ஒரு புரதத்துக்கு எதிராகச் சரீரம் செய்யும் எதிர்ப்பொருட்களில் சில, தட்டணுக்களின்மேலும் ஒட்டிக்கொள்வதை ஆய்வுக்கூடங்களில் கண்டிருக்கிறார்கள். பெரும்பாலோருக்குக் காய்ச்சல் தணிந்த சில நாட்களில் எண்ணிக்கை தானாக ஏறிவிடும். அரிதாகச் சிலருக்கு மாத்திரம், வைரஸ் போன பின்பும் எதிர்ப்புச் சக்தியின் தவறு தொடர்கிறது. மேலே சொன்ன சிறுமிக்கு நேரிட்டது இதுதான்.

இரண்டாவது, ஸ்கரப் டைபஸ். உண்ணிக் காய்ச்சல் என்று ஊரில் சொல்வார்கள். புதர்களிலும் புல்லிலும் வாழும், கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு பூச்சியின் குஞ்சு கடிப்பதால் வருகிறது. இதிலும் தட்டணு குறையும். ஆகவே டெங்கு என்று தவறாக எண்ண இடமுண்டு. ஆனால் இது வைரஸ் அல்ல, பாக்டீரியா. டாக்ஸிசைக்கிளின் அல்லது அசித்ரோமைசின் என்ற மருந்துக்கு அடங்கிவிடும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை எல்லாவற்றையும் தாக்கும். கடித்த இடத்தில் வலியில்லாமல், சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கரிய பொருக்கு இருக்கும். அது அக்குளிலோ, தொடை இடுக்கிலோ, மார்பின் கீழோ, இடுப்பில் துணி இறுகும் இடத்திலோ மறைந்திருக்கும். வெட்கப்பட்டு நோயாளி சொல்லமாட்டார். பார்த்தால்தான் தெரியும். எல்லோருக்கும் அந்தப் பொருக்கு இருப்பதில்லை என்பதையும் மறக்கவேண்டாம். இந்நோய் கடுமையாகும்போது இவ்விரு மருந்துகளையும் சேர்த்து இரத்தக்குழாய் வழியே கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்ல பலன் தருகிறது என்று, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் முன்முயற்சியில் இந்தியாவில் ஏறக்குறைய 800 நோயாளிகளிடம் நடந்து 2023ஆம் ஆண்டு வெளியான ஆய்வு காட்டியது.

மூன்றாவது, மலேரியா. அனோபிலிஸ் கொசுவால் வருவது. இதிலும் தட்டணு இறங்கும். மலேரியாவுக்குரிய மருந்து கொடுத்தால் ஏறும்.

இவை தவிர, தேனீ கொட்டியபின் ஐ.டி.பி. வந்ததாக மருத்துவ ஏடுகளில் ஒருசில நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. அவை மிகவும் அபூர்வம். தேனீ கொட்டிய ஒவ்வொருவரும் இதற்காகப் பயப்பட வேண்டியதில்லை.

ஆகவே, "தட்டணு குறைந்துவிட்டது" என்பது ஒரு வியாதியின் பெயர் அல்ல. அது ஓர் அடையாளம் மாத்திரமே. ஏன் குறைந்தது என்று கண்டுபிடிப்பதுதான் வைத்தியத்தின் முதற்படி. இரத்தத்தைக் கண்ணாடியில் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பதும் இதற்காகவே. சில வேளைகளில் இரத்தப் புற்றுநோய் போன்ற காரணங்களும் உண்டு. அவை இல்லை என்று அறியாமல் ஸ்டீராய்டு மாத்திரையைத் தொடங்கக் கூடாது.

4. எண்ணைப் பார்ப்பதா, பிள்ளையைப் பார்ப்பதா?

சீட்டிலுள்ள எண் குறைந்தவுடன் தட்டணு ஏற்றச் சொல்லி மன்றாடும் பெற்றோர் அநேகர். டெங்குவில் தட்டணு 20,000 அல்லது அதற்கும் கீழே போய், ஆனால் இரத்தப்போக்கு இல்லாதிருந்த பெரியவர்களிடம் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஓர் ஆய்வு நடத்தினார்கள். அது 2017ஆம் ஆண்டு வெளியானது. முன்கூட்டியே தட்டணு ஏற்றியதால் இரத்தப்போக்கு குறையவில்லை. ஏற்றியவர்களுக்கே ஒவ்வாமை போன்ற தொல்லைகள் அதிகம் வந்தன.

ஐ.டி.பி.யிலோ இன்னும் தெளிவு. வெளியிலிருந்து ஏற்றும் தட்டணுக்களையும் அதே எதிர்ப்பொருட்கள் பிடித்து அழித்துவிடும். உயிருக்கு ஆபத்தான இரத்தப்போக்கு இருந்தால் மட்டுமே, மற்ற மருந்துகளோடு சேர்த்து ஏற்றுவார்கள். இதை டாக்டரம்மா அந்தச் சூளைத் தொழிலாளிக்கு எடுத்துச்சொன்னபோது, அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்போ மாட்டை விக்க வேண்டாமா, அம்மா?" என்று கேட்டார். "வேண்டாம். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள், போதும்" என்றார் டாக்டரம்மா.

பப்பாளி இலைச்சாற்றைப் பற்றியும் எங்களிடம் கேட்கிறார்கள். அதை நம்பி மருத்துவமனைக்கு வரத் தாமதிப்பதே ஆபத்து என்பதை மாத்திரம் சொல்லிவிடுகிறோம்.

5. சிகிச்சை உண்டா?

உண்டு. தோலில் புள்ளிகள் மாத்திரம் உள்ள பிள்ளைகளுக்கு மருந்தே இல்லாமல் கவனித்துவந்தால் போதும் என்று மருத்துவர்கள் சொல்லும் நிலையும் உண்டு. அப்படிச் சொன்னால் அலட்சியம் என்று எண்ணாதீர்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் இது தானாகவே நீங்கிவிடுகிறது. பெரியவர்களுக்கோ நெடுங்காலம் நீடிப்பது அதிகம்.

இரத்தம் கசிந்தால் பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு மருந்து கொடுப்பார்கள். அது எதிர்ப்புச் சக்தியின் வேகத்தைத் தணிக்கிறது. இதைத் தாங்களாகவே திடீரென்று நிறுத்தக் கூடாது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பால் இம்பாக் என்ற குழந்தை மருத்துவர், அநேகர் தானம் செய்த இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்பொருட்களைச் செலுத்தினால் தட்டணு விரைவாக ஏறுகிறது என்று 1981ஆம் ஆண்டு வெளியிட்டார். மண்ணீரலின் காவல் அணுக்களுக்கு அவை வேறு வேலை கொடுத்து, தட்டணுக்களைத் தப்பவிடுகின்றன. விலை அதிகமானதால் தேவைப்படுகிறவர்களுக்கு மாத்திரம் கொடுக்கிறார்கள். நெடுநாள் நீடிக்கும் நோய்க்கு, மஜ்ஜையைத் தூண்டித் தட்டணுக்களைப் பெருக்கும் மருந்துகள் 2008ஆம் ஆண்டிலிருந்து வந்துள்ளன. மண்ணீரலை அகற்றுவது இன்று கடைசி வழிகளில் ஒன்று. அதற்கு முன்பாகச் சில தடுப்பூசிகள் போடவேண்டும்.

6. வீட்டில் நாம் செய்யவேண்டியவை

காய்ச்சலுக்கு ஆஸ்பிரினோ இபுபுரூபெனோ கொடுக்காதீர்கள். அவை இரத்தக் கசிவைக் கூட்டும். பாரசிட்டமாலை மருத்துவர் சொன்ன அளவில் கொடுக்கலாம். தட்டணு குறைந்திருப்பவருக்குத் தசையில் ஊசி போடவேண்டாம் என்று சொல்லுங்கள்.

டெங்குவில் காய்ச்சல் இறங்கும் வேளைதான் அதிகக் கவனம் தேவைப்படும் வேளை. "காய்ச்சல் விட்டுவிட்டது" என்று நிம்மதியடையும் அந்த ஓரிரு நாட்களிலேயே இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து, இரத்த அழுத்தம் விழக்கூடும். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, கைகால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல், சோர்ந்து கிடத்தல் கண்டால் உடனே புறப்படுங்கள்.

புள்ளிகள் தோன்றியவருக்குக் கடும் தலைவலி, மயக்கம், வலிப்பு, கருநிற மலம், நிற்காத மூக்கு இரத்தம், வாயினுள் இரத்தக் கொப்புளம் ஆகியவை வந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்கவேண்டாம். பிள்ளை மரம் ஏறுவதையும் சைக்கிள் ஓட்டுவதையும் எண்ணிக்கை ஏறும்வரை நிறுத்திவையுங்கள்.

காய்ச்சல் ஐந்து நாளுக்குமேல் நீடித்தால் உச்சி முதல் உள்ளங்கால் வரை தோலைப் பாருங்கள். கரிய பொருக்கு இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். வயலிலோ புதரிலோ வேலை செய்து வந்தவுடன் உடைமாற்றிக் குளியுங்கள். தண்ணீர்த் தொட்டி, குடம், பூந்தொட்டித் தட்டு இவற்றை வாரம் ஒருமுறை கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். ஏடிஸ் கொசுவின் முட்டை பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டியிருந்து, காய்ந்தபின்பும் பல மாதம் உயிரோடிருக்கும்.

தாயின் கேள்வி

"நான் என்ன பாவம் செஞ்சேன்?" என்ற கேள்விக்கு எங்களிடம் பெரிய விளக்கம் இருக்கவில்லை. "அம்மா, இருட்டில் காவல் நிற்கிறவன், திருடன் வந்து போன இரவுக்கு மறுநாள், வீட்டுப் பிள்ளையையே திருடன் என்று எண்ணித் தடியை ஓங்கினால், அவன் விரோதியா? ஆள் மாறிப்போனான், அவ்வளவுதான். உங்கள் மகளின் உடம்பு அவளைக் காப்பாற்றத்தான் எழும்பியது. டெங்குவோடு போராடி ஜெயித்தது. இப்போது யார் நம்மவர் என்று அதற்குத் தெரியவில்லை. இது உங்கள் பாவமுமல்ல, அவள் குற்றமுமல்ல. ஒரு கொசு கடித்தது. அதன்பின் ஒரு தவறு நேர்ந்தது. தவறைத் திருத்த மருந்து இருக்கிறது" என்றோம். அவர்கள் கேட்டுக்கொண்டதால் மூவரோடும் சேர்ந்து ஜெபித்தோம்.

ஸ்டீராய்டு தொடங்கிய நாலாம் நாள் மூக்கு இரத்தம் நின்றது. பத்தாம் நாள் எண்ணிக்கை 62,000. வீட்டுக்கு அனுப்பினார்கள். மருந்தைப் படிப்படியாய்க் குறைத்து நிறுத்தினார்கள். மூன்று மாதம் கழித்து வந்தபோது ஒன்றரை லட்சத்தைத் தாண்டியிருந்தது. தகப்பன் எங்கள் அறைக்கு வந்து, பழைய சீட்டையும் புதிய சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பசு கன்று போட்டிருந்தது என்று தாய் சொன்னார்கள். அடுத்த முறை வரும்போது சீம்பால் கொண்டுவருவதாகவும் சொன்னார்கள், சொன்னபடியே கொண்டுவந்தார்கள்.

அன்பானவர்களே, உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ ஒருவர் சீட்டில் ஓர் எண்ணைக் காட்டிக் கலங்கி நின்றால், இரண்டு கேள்வி கேளுங்கள்: "எங்கேயாவது இரத்தம் கசிகிறதா? எதனால் குறைந்தது என்று டாக்டர் சொன்னார்களா?" இவ்விரண்டையும் கேட்கிற அயலான் ஒருவன் அருகிலிருந்தால், ஒரு குடும்பம் வீண் கடனுக்கும் வீண் பயத்துக்கும் தப்பும்.

இந்த மழைக்காலம் முழுவதும் உங்கள் இல்லங்களில் சுகமும் சமாதானமும் நிலைத்திருப்பதாக.